பாறைக்கு எந்த போல்ட்? வெட்ஜ், ஸ்லீவ், பசை: ஓர் ஒப்பீடு

பாறையேறுபவர் விழுந்தால் கயிறு பிடித்துக்கொள்ளப் பாறையில் துளையிட்டுப் பதிக்கும் போல்ட்களை விற்கும் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஓர் எண்: 25 கிலோநியூட்டன். ஏறக்குறைய இரண்டரை டன் எடை. ஐரோப்பியத் தரமான ஈஎன் 959 கேட்பது அதுதான். பாறை முகத்துக்கு இணையாக இழுத்தால் 25 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், துளையிலிருந்து நேராக வெளியே இழுத்தால் 15. மலிவான போல்ட்டும் இதைத் தாங்கும், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள போல்ட்டும் தாங்கும். அதனால் இந்த எண்ணை வைத்து ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் எதுவும் புலப்படாது.

எதிர்ப்பக்கக் கணக்கையும் பார்த்துவிடலாம். கயிற்றுக்கான ஈஎன் 892 தரப்படி, சோதனைக்கூடத்தின் கடுமையான விழுதலில்கூட ஒற்றைக் கயிறு ஏறுபவருக்கு 12 கிலோநியூட்டனுக்கு மேல் கடத்தக் கூடாது. மேலே உள்ள கேரபினரில் (கயிறு கோக்கும் உலோகக் கொக்கி) கயிறு திரும்பிக் கீழே பிடிப்பவரிடம் வருவதால், போல்ட்டின் மேல் விழுவது அதைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். அதுவும் 20-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. நிஜத்தில், வழிநெடுகப் போல்ட் பதித்த விளையாட்டுத் தடங்களில் நடக்கும் சாதாரண விழுதல்களில் மேல் போல்ட் பார்ப்பது பெரும்பாலும் 3 முதல் 6 கிலோநியூட்டன்தான்.

ஆக, நல்ல பாறையில் ஒழுங்காகப் போட்ட புது போல்ட் உடைவதில்லை. கைவிடுவது வேறு ரகம்: பல ஆண்டுகள் மழையிலும் உப்புக்காற்றிலும் கிடந்தது, பசை சரியாகக் கலக்காதது, சுற்றியுள்ள கல்லே நொறுங்கிப்போனது. அதனால் போல்ட் வாங்கும்போது நான் கேட்கும் கேள்விகள் வேறு. இது எப்படிக் கெட்டுப்போகும்? கெடுவது வெளியே தெரியுமா? கெட்ட பிறகு, அதே துளையை மறுபடி பயன்படுத்தும்படி இதை எடுக்க முடியுமா?

என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலைவிட்டு விலகிய, கெட்டியான பாறையில் 12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் வெட்ஜ் போல்ட் (நட்டை முறுக்கினால் துளைக்குள் விரிந்து கவ்வுவது) போதும். பாறை மென்மையானால் நீளமான பசை போல்ட். கடலோரச் சுண்ணாம்புப் பாறை என்றால் டைட்டானியம், அதுவும் பசையில்தான், வேறு பேச்சில்லை. நாகப் பூச்சு போட்ட சாதா எஃகு வெளிப்புறத்தில் எங்கும் வேண்டாம். ஏன் என்பதுதான் இனி வருவது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: இதைப் படித்துவிட்டு நேரே ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. போல்ட் போடத் தெரிந்தவரோடு நின்று, யாரும் ஏறாத ஒரு கல்லில் பழகிய பிறகுதான் தடத்துக்குப் போக வேண்டும்.

முதலில் உலோகம்

பலரும் போல்ட்டின் வகையிலிருந்து தொடங்குவார்கள். நான் உலோகத்திலிருந்து தொடங்குவேன். வகையில் சறுக்கினால் அடுத்த ஆண்டே ஹேங்கர் (கேரபினரை மாட்டப் போல்ட்டில் பொருத்தும் உலோகத் தகடு) சுழன்று காட்டிக்கொடுத்துவிடும். உலோகத்தில் சறுக்கினால் பல ஆண்டுகள் சத்தமே இருக்காது.

நாகப் பூச்சு போட்ட கார்பன் எஃகு கடையில் எளிதாகக் கிடைக்கும். கட்டட வேலைக்கு உள்ளறையில் அது சரிதான். பாறையில் அந்தப் பூச்சு மிக மெல்லியது. துளைக்குள் தட்டி இறக்கும்போதே உரசிப்போகும், அதற்குப் பிறகு துரு உள்ளேயிருந்து வளரும். வெளியே நட்டைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு தெரியும்போது உள்ளே தண்டு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கு ஒரு நல்ல குணம் உண்டென்றால், கெடுவதைக் கொஞ்சமாவது வெளியே காட்டும். அவ்வளவுதான்.

அடுத்தது 304 ஸ்டெயின்லெஸ். 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். 316-இல் இவற்றோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேரும், குளோரைடால் ஏற்படும் குழி அரிப்பை அது தள்ளிப்போடும். போல்ட் தலையிலோ பெட்டியிலோ ஏ2 என்றிருந்தால் 304 குடும்பம், ஏ4 என்றிருந்தால் 316 குடும்பம். உள்நாட்டில், மழை கழுவும் வெளிமுகத்தில் இரண்டுமே நெடுங்காலம் நிற்கும். விலை வித்தியாசம் பெரிதில்லை என்றால் 316-ஐ எடுத்துக்கொள்வது நல்லது. ஒரு தடத்துக்கான செலவில் பாதி உங்கள் நேரமும் உழைப்பும்தான். அதைப் போட்டபிறகு உலோகத்தில் மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

சரி, 316-ஐ வைத்துக் கடலோரத்திலும் சமாளிக்கலாமே என்று தோன்றும். 1990களில் பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. தாய்லாந்தின் ரைலே, டோன்சாய் கடற்கரைச் சுண்ணாம்புப் பாறைகளில் ஸ்டெயின்லெஸ் போல்ட்கள் சில ஆண்டுகளிலேயே உடைய ஆரம்பித்தன. கரீபியனில் கேமன் பிராக் தீவிலும் அதே கதை. உடைந்தவற்றில் பல வெளியே புதுப் பாத்திரம் போலப் பளபளத்துக்கொண்டிருந்தன. துருவால் மெலிந்து உடையவில்லை, விரிசல் விட்டு உடைந்தன.

இதற்குத் தகைவு அரிப்பு விரிசல் என்று பெயர். மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும்: அதற்கு ஆளாகக்கூடிய உலோகம், குளோரைடு உள்ள சூழல், உலோகத்துக்குள் இழுவிசை. மூன்றாவது எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். யாரும் தொங்க வேண்டியதில்லை. ஹேங்கரை ஆலையில் வளைத்தபோது உள்ளே தங்கிய விசையும், நட்டை முறுக்கியபோது தண்டு நீண்ட விசையும் போதும். குளோரைடு கடல்காற்றில் வருகிறது. பாறையிலிருந்து கசியும் நீரில் மெக்னீசியம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மெக்னீசியம் குளோரைடு காற்றில் ஈரம் குறைந்தாலும் முழுதாக உலராது, அடர்ந்த உப்புக் கரைசலாகவே உலோகத்தில் ஒட்டிக்கிடக்கும். இங்கே ஒரு தலைகீழ்க் கணக்கும் உண்டு. மழை படும் போல்ட் பாதுகாப்பானது, மழை படாத கூரைக்கடியில் இருக்கும் போல்ட்தான் ஆபத்தானது. மழை உப்பைக் கழுவிவிடும், கூரைக்கடியில் கழுவ ஆளில்லை.

இது பாறையேறிகளுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 1985 மே மாதம் சுவிட்சர்லாந்தின் உஸ்டர் நகரில் ஓர் உள்ளரங்க நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியவை ஸ்டெயின்லெஸ் கம்பிகள். குளத்துக் காற்றிலிருந்த குளோரைடு, கழுவப்படாத இடம், எப்போதும் இருந்த இழுவிசை என்று அதே மூன்றும் அங்கே இருந்தன. கடற்கரை போல்ட்டைப் பற்றிப் பேசும்போது இந்த நிகழ்வை நினைவில் வைத்திருப்பது நல்லது. 'ஸ்டெயின்லெஸ்தானே போட்டிருக்கிறோம்' என்ற நிம்மதி எவ்வளவு பொய்யானது என்பது அதில் தெரியும்.

கடலோரத்துக்கு மிஞ்சுவது இரண்டு. ஒன்று, 1.4529 என்ற எண்ணால் அறியப்படும் உயர் கலப்பு எஃகு. அதில் நிக்கல் 25 விழுக்காடு, மாலிப்டினம் 6-ஐ ஒட்டி இருக்கும். இன்னொன்று கிரேடு 2 டைட்டானியம், அதாவது ஏறக்குறையத் தூய டைட்டானியம். ரைலேயிலும் கேமன் பிராக்கிலும் மாற்றுவேலை செய்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம் டைட்டானியம் பசை போல்ட்தான். கடல்சூழலில் அதற்கு இந்த விரிசல் நோய் வருவதில்லை. எடையும் எஃகில் பாதியைவிடச் சற்றுதான் அதிகம், பை நிறைய போல்ட்டோடு கயிற்றில் தொங்குபவருக்கு அது சின்ன விஷயமில்லை. நடுவில் டூப்ளெக்ஸ் எஃகு என்றொரு ரகம் உண்டு. 316-ஐவிட மேல், ஆனால் உப்புப் படிந்த கூரைக்கடியில் அதை நம்பி உட்கார மாட்டேன்.

யூஐஏஏ எனப்படும் சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு தன் 123-ஆம் தரத்தில் போல்ட்களை அரிப்பு எதிர்ப்பின்படி மூன்று வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது: தகைவு அரிப்பையும் தாங்குபவை, சாதாரண வெளிப்புறத்துக்கானவை, உள்ளரங்கத்துக்கு மட்டும் ஆனவை. வாங்கும்போது வலிமை எண்ணைப் பார்ப்பதைவிட இந்த வகுப்பைப் பார்ப்பது பயனுள்ளது.

உலோகக் கலப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டெயின்லெஸ் ஹேங்கரை நாகப் பூச்சு போல்ட்டில் மாட்டுவதை இன்னும் பார்க்க முடிகிறது. இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் ஈரம் என்றால் அது ஒரு பேட்டரி. மலிவான உலோகம் சீக்கிரம் கரையும், கரைவது தண்டுதான். போல்ட், நட்டு, வாஷர், ஹேங்கர், கீழே மாட்டும் வளையம் என்று எல்லாமே ஒரே குடும்பமாக இருக்க வேண்டும்.

வெட்ஜும் ஸ்லீவும்

வெட்ஜ் போல்ட்டின் அமைப்பு எளிது. ஒரு தண்டு, அதன் உள்முனை கூம்பாக விரியும், கூம்பைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம். துளையில் தட்டி இறக்கி நட்டை முறுக்கினால் தண்டு வெளியே வர முயலும், வளையம் கூம்பின் மேலேறிப் பாறையைக் கவ்வும். முறுக்கிய அந்தக் கணமே ஏறலாம். தரையிலிருந்து முன்னேறிக்கொண்டே போல்ட் போடுபவருக்கு இதைவிட்டால் வழி குறைவு. ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டு பசை காயும்வரை யாரும் காத்திருக்க முடியாது.

குறைகள் என்ன? கவ்வுதல் முழுவதும் ஒரே ஒரு சிறு பட்டையில் குவிகிறது. கருங்கல்லில் அது பலம். மணற்கல்லில் அதே அழுத்தம் கல்லை உள்ளுக்குள் மாவாக்கிவிடும், நட்டை முறுக்க முறுக்கத் தண்டு வந்துகொண்டே இருக்கும். பல பருவங்கள் ஏறுபவர்கள் விழுந்து விழுந்து நட்டு தளர்ந்து, ஹேங்கர் சுழலத் தொடங்கும். தண்டுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே நீர் இறங்க இடமுண்டு, அந்த இடுக்கில்தான் அரிப்பு பதுங்கும். ஆனால் என் மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்தால் வெட்ஜ் மோசமில்லை. தளர்வது கையால் தொட்டாலே தெரிகிறது. ஸ்டெயின்லெஸ் வெட்ஜாக இருந்தால், தண்டை ட்ரில்லில் பிடித்துச் சுழற்றி வளையத்தைத் தேய்த்து, இழுப்பானால் வெளியே எடுத்து, அதே துளையைத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது. முன்பெல்லாம் துளையைப் போல்ட்டின் நீளத்துக்கு மேல் ஆழமாக்கிவைப்பார்கள், பின்னாளில் உள்ளேயே அடித்துப் புதைக்க. இன்றும் அந்தக் கூடுதல் ஆழம் ஒன்றும் கெடுதலில்லை.

ஸ்லீவ் போல்ட்டில் தலையுள்ள ஒரு திருகாணி, அதைச் சுற்றிக் குழாய், உள்முனையில் கூம்பு. திருகும்போது கூம்பு மேலே வந்து குழாயை அகலமாக விரிக்கும். பிடிக்கும் பரப்பு வெட்ஜைவிடப் பெரிது, அதனால் கொஞ்சம் மென்மையான பாறையிலும் நிற்கும். இன்னொரு நன்மை, திருகாணியைக் கழற்றி உள்ளே பார்க்கலாம். மாற்றும் நாளில் இது பெரிய வரம். ஆனால் வெளிக்குழாயின் விட்டத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சுமையைத் தாங்கும் திருகாணி அதைவிட மெல்லியது. நல்ல ஸ்டெயின்லெஸில் நீளமான ஸ்லீவ் போல்ட் விலையும் அதிகம், தேடிப் பிடிப்பதும் சிரமம். கையில் கிடைத்தால், நடுத்தரக் கெட்டிப் பாறையில் வெட்ஜைவிட இதையே தேர்வேன்.

துளைக்குள் அடித்து விரிக்கும் டிராப்-இன், பிளந்த தண்டை அழுத்தி இறக்கும் பட்டன் தலை ஆகிய இரண்டும் வரலாற்றுக்கு உரியவை. முதலாவது குகை ஆராய்பவர்களிடம் நீண்ட நாள் இருந்தது. அதில் சுமையைத் தாங்குவது 8 மி.மீ. குட்டைத் திருகாணிதான். இரண்டாவதில் கால் அங்குல விட்டமுள்ளவை அமெரிக்கத் தடங்களில் 1960களிலிருந்து ஏராளமாகப் போடப்பட்டன. அவற்றைப் பிடுங்கி மாற்றும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. புதிதாகப் போட இரண்டுமே வேண்டாம்.

பசை போல்ட்

பசை போல்ட்டில் அசையும் உறுப்பே இல்லை. ஒரே கம்பியை வளைத்துக் கண் வைத்து, தண்டில் பள்ளங்களோ முறுக்கோ கொடுத்திருப்பார்கள். துளையில் பசையை நிரப்பி, போல்ட்டைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் சரி. சுமை தண்டின் முழு நீளத்துக்கும் பரவுகிறது. விரிப்பு அழுத்தம் இல்லாததால் மென்மையான கல்லும் நொறுங்காது. பசை துளையை மூடிவிடுவதால் நீர் இறங்காது. தளர நட்டு இல்லை, சுழல ஹேங்கர் இல்லை. கண் உருண்டையாக இருப்பதால் அவசரத்துக்குக் கயிற்றையே நேராகக் கோத்து இறங்கலாம். கூரான ஹேங்கர் விளிம்பில் அது நடக்காது.

இவ்வளவு நல்லதென்றால் எல்லோரும் இதையே போட வேண்டியதுதானே? என் தயக்கம் இதன் கெடும் விதத்தில் இருக்கிறது. வெட்ஜைத் தவறாகப் போட்டால் முறுக்கும்போதே கை சொல்லிவிடும். பசை போல்ட்டைத் தவறாகப் போட்டால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. துளையில் தூசி இருந்திருக்கலாம், இரு பாகமும் சரியாகக் கலக்காமல் போயிருக்கலாம், நடுவில் காற்றுக்குமிழி தங்கியிருக்கலாம். எல்லாமே பார்க்க ஒரே மாதிரி அழகாக இருக்கும். பசை போல்ட்டில் நீங்கள் வாங்குவது பாதி போல்ட்டை, மீதிப் பாதி போட்டவரின் ஒழுக்கம். பொறுமையில்லாத கைக்கு வெட்ஜே பாதுகாப்பு.

எடுப்பதும் கடினம். முறுக்கித் திருப்பியோ வளைய ட்ரில்லால் சுற்றி அறுத்தோ எடுக்க வேண்டும், சில நேரம் வெட்டி மட்டம் செய்துவிட்டுப் பக்கத்தில் புதுத் துளை போட வேண்டியிருக்கும். டைட்டானியத்தில் இந்தக் குறை அவ்வளவு உறுத்தாது, நல்ல பசையில் இறங்கிவிட்டால் உங்கள் காலத்தில் அதை எடுக்க வேண்டிய தேவை வரப்போவதில்லை. சாதா 304-ஐப் பசையில் கடலோரத்தில் போடுவதுதான் இரு உலகிலும் கெட்ட தேர்வு: விரிசலும் விடும், எடுக்கவும் வராது.

பசையிலேயே தேர்வு இருக்கிறது. பாலியெஸ்டர் வகையை ஒதுக்கிவிடலாம். வினைல்எஸ்டர் சீக்கிரம் இறுகும், ஒரே நாளில் முடித்துவிட்டுக் கிளம்பலாம். எபாக்சி மெதுவானது, குளிரில் நாள்கணக்கில்கூட ஆகும், ஆனால் ஈரத்தைத் தாங்கும் குணமும் நீண்டகால உறுதியும் அதற்கு அதிகம். டைட்டானியம் போட்டு அரை நூற்றாண்டை நினைத்து வேலை செய்பவர் எபாக்சியைத்தான் எடுக்க வேண்டும். ஹில்டியின் ஆர்இ 500 வரிசை பாறையேறிகளிடம் நெடுநாளாகப் புழங்கும் எபாக்சி. எதுவானாலும் பெட்டியிலுள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி கடந்த பசை தள்ளுபடியில் கிடைத்தால் சமையலறை ஓட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

விட்டமும் நீளமும்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. கெட்டிப் பாறையில் 10 மி.மீ. வலிமைக்குப் போதும். 12 மி.மீ. வாங்குவது அரிப்புக்கு விட்டுக்கொடுக்கும் உபரிக்காக. நீளம் கருங்கல்லில் 70 முதல் 80 மி.மீ. போதும், மென்மையான மணற்கல்லில் பசை போல்ட் 150 மி.மீ.க்கு மேலும் போகலாம். கையால் சுத்தியடித்துத் துளைக்க வேண்டிய இடங்களில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். யோசெமிட்டி போன்ற அமெரிக்க வனப்பகுதிகளில் மோட்டார் ட்ரில்லுக்கு அனுமதியில்லை. கருங்கல்லில் கையால் ஒரு துளை போட அரை மணி நேரமோ அதற்கு மேலோ போகும். அங்கே 10 மி.மீ. போடுபவரைக் குறைசொல்ல மாட்டேன்.

துளை போடலாமா என்பதே முதல் கேள்வி என்பாரும் உண்டு. 1970-இல் இத்தாலிய மலையேறி செசாரே மேஸ்ட்ரி ஒரு பெட்ரோல் கம்ப்ரசரையே மேலே இழுத்துக்கொண்டு போய், தென் அமெரிக்காவில் படகோனியாவின் செரோ டோரே மலை முகட்டில் நூற்றுக்கணக்கான போல்ட்களை அடித்தார். 2012-இல் இரண்டு இளைஞர்கள் மேலேறிவிட்டு இறங்கும் வழியில் அவற்றில் நூற்றுக்கும் மேலானவற்றைப் பிடுங்கிப்போட்டார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நட்டு, கேம் எனப்படும், இடுக்கில் செருகிப் பிறகு கழற்றி எடுக்கும் கருவிகளை வைத்துப் பாதுகாக்க முடிகிற விரிசலின் பக்கத்தில் போல்ட் போட்டால் உங்களுடையதையும் யாராவது பிடுங்குவார்கள். இடத்துக்குரிய விதியையும் அங்கே முதலில் ஏறியவரையும் கேட்டுவிட்டு ட்ரில்லை எடுங்கள்.

போடும்போது

இடம் தேர்வதுதான் வேலையில் பாதி. சுத்தியலால் பாறையைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் கெட்டி. தொம்மென்று கேட்டால் பின்னால் வெற்றிடம் அல்லது பெயரக் காத்திருக்கும் பலகை, அதை விட்டுவிடுங்கள். விளிம்பிலிருந்தும் விரிசலிலிருந்தும் போல்ட்டின் நீளத்தைப்போல இரு மடங்காவது தள்ள வேண்டும், இரண்டு போல்ட்களுக்கு நடுவே 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது. போல்ட்டில் தொங்கும் கேரபினர் ஏதாவது முனையில் மடங்கிக் கிடக்குமா என்பதை ஒரு கேரபினரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டே குறியிடுங்கள். மடங்கிய கேரபினர் போல்ட்டுக்கு வெகு முன்பே உடைந்துவிடும்.

துளை பாறை முகத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்தால் ஹேங்கர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், தண்டு வளையும். பக்கவாட்டிலிருந்து ஒருவர் கோணம் சொன்னால் நல்லது, தனியாகத் தொங்குபவர் இரண்டு திசையிலிருந்தும் எட்டிப் பார்க்க வேண்டும். ட்ரில்லைத் துளையில் ஆட்டக் கூடாது. ஆட்டினால் வாய் அகன்று வெட்ஜின் பிடி போய்விடும்.

அப்புறம் சுத்தம். ஊது, துலக்கு, ஊது, துலக்கு, மறுபடி ஊது. வெட்ஜுக்கு ஓரளவு தூசியை மன்னிக்கலாம், பசைக்கு மன்னிப்பே கிடையாது. தூசியுள்ள துளையில் பசை பாறையோடு ஒட்டுவதில்லை, மாவோடு ஒட்டுகிறது. துலக்கும் தூரிகை துளையின் விட்டத்துக்கு ஏற்றதாக, சுவரை உரசும்படி இருக்க வேண்டும். தூசி கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது, குறிப்பாகக் கருங்கல், மணற்கல்லின் சிலிக்கா. கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்ஜை இறுக்கும்போது, முறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வேண்டும். எவ்வளவு என்பது தயாரிப்பாளரின் தாளில் இருக்கும், 10-க்கும் 12-க்கும் வேறுவேறு. கை பலத்தைக் காட்டி இறுக்குவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கும் பிழை. நீண்ட ஸ்பேனரும் உற்சாகமும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் தண்டை ஏறும் முன்பே அதன் எல்லைக்குக் கொண்டுபோய்விடலாம். முறுக்கம் ஏறாமல் நட்டு சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் பாறை சரியில்லை என்று பொருள். அங்கே பசைக்கு மாறுங்கள் அல்லது இடத்தை மாற்றுங்கள்.

பசைத் துப்பாக்கியில் கலப்பு முனையை மாட்டியதும் முதலில் வருவதைத் துளையில் விடக் கூடாது. நிறம் ஒரே சீராக வரும்வரை வெளியே ஒரு தாளில் பிழிந்து தள்ளுங்கள். முனையைத் துளையின் அடிவரை விட்டு, அடியிலிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் அடியில் காற்று சிறைப்படும். போல்ட்டை இறக்கும்போது வாயில் கொஞ்சம் பசை பிதுங்க வேண்டும். பிதுங்கவில்லையென்றால் உள்ளே காலி. கண்ணின் அடிப்பகுதி உட்காரப் பாறையில் ஒரு சிறு பள்ளம் வெட்டினால் பக்கவாட்டு முறுக்கம் பசைக்குப் போகாது. கூரைப் பகுதியில் போல்ட் வழுக்கி இறங்கும், துளையில் இறுகி நிற்கும்படி சற்று அகலமாகச் செய்த தண்டு அங்கே உதவும். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டிப் பசையைத் தாளில் எடுத்து நாள், நேரம் எழுதி வையுங்கள். அது இறுகாவிட்டால் சுவரில் இருப்பதும் இறுகவில்லை. இறுகும் நேரம் முழுதும் கண்ணில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, கீழேயும் எழுதிவிட்டு வாருங்கள். ஆர்வக்கோளாறில் யாராவது ஏறிவிடுவார்கள்.

உச்சி ஆங்கர்

நடுவழி போல்ட் ஒன்று போனால் அடுத்தது பிடிக்கும். தடம் முடியும் உச்சியில், கயிறு தொங்கும் ஆங்கரில், அந்த வசதி இல்லை, அதனால் இரண்டு போல்ட். தேய்மானமும் அங்கேதான். மணல் ஒட்டிய கயிறு ஆயிரக்கணக்கான முறை ஓடி வளையத்தை அறுக்கும். அதனால் கயிறு ஓடும் உறுப்பு, போல்ட்டைத் தொடாமல் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பசை போல்ட்டின் கண்ணிலேயே நேராகக் கயிற்றை ஓடவிடும் அமைப்பு கூட்டமில்லாத தடத்துக்குச் சரி. நாள் முழுக்க ஏறும் தடத்தில் கண் தேய்ந்தால் போல்ட்டையே மாற்ற வேண்டிவரும். டைட்டானியத்தைப் பொறுத்தவரை அரிப்பில் அது ராஜா, உரசலில் அப்படி இல்லை. கடலோரத்தில் வளையமும் டைட்டானியமாகவே இருக்க வேண்டும் என்பதால் அதை அடிக்கடி பார்த்து மாற்றும் பொறுப்பும் கூடவே வருகிறது.

பிறகு யார் பார்ப்பது?

போல்ட் போட்டவர் ஊரைவிட்டுப் போன பிறகும் போல்ட் இருக்கும். அடுத்து வருபவருக்குத் தேவை சில தகவல்கள்தான்: என்ன உலோகம், எந்த வகை, எவ்வளவு நீளம், எந்தப் பசை, எந்த ஆண்டு. தடத்தின் குறிப்போடு இதையும் எழுதிவைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இது இல்லாமல் ஒரு பளபளக்கும் ஹேங்கரைப் பார்த்து அது 304-ஆ 316-ஆ என்று சொல்ல முடியாது. பசை போல்ட் என்றால் உள்ளே எபாக்சியா மலிவுப் பசையா என்பதும் தெரியாது.

ஏறும்போது பார்க்க வேண்டியவை எளிதானவை. சுழலும் ஹேங்கர், வெளியே நீண்டுவரும் தண்டு, பழுப்புக் கண்ணீர், போல்ட்டைச் சுற்றிய பாறையில் மயிரிழை விரிசல், பசைக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி. சுழலும் ஹேங்கரைக் கண்டதும் ஸ்பேனரைப் போட்டு முழுப் பலத்தில் இறுக்காதீர்கள். அளவாக இறுக்கிப் பாருங்கள், மறுபடி தளர்ந்தால் துளைக்குள் கோளாறு. கடலோர ஸ்டெயின்லெஸுக்கு இந்தப் பார்வைச் சோதனை எதுவும் செல்லாது. அங்கே போல்ட் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்பது ஒரு தகவலே அல்ல. எப்போது போட்டது, எந்த உலோகம் என்ற இரண்டும் தெரியாவிட்டால் அதில் விழுவதைத் தவிர்த்துவிட்டு, டைட்டானியம் போட்ட பக்கத்துத் தடத்துக்குப் போய்விடுவேன்.